எறங்குங்கண்ணனும் ஏறாத வண்டியும்

போத்தனூர் வட்டாரத்திலேயே பிள்ளைகளை அதிகமாக ஓட வைத்த மனிதர், தன் வாழ்நாளில் சேர்ந்தாற்போல் பத்தடி நடந்தவர் இல்லை. இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார்கள் என்மேல் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். அவர்கள் கழுத்தில் விசில் தொங்கியதே தவிர, விளையாட்டுப் பீரியட் என்னவோ எப்போதும் கணக்கு மிஸ்ஸின் கையில்தான் இருந்தது. நம்மவரிடம் விசிலும் கிடையாது, பீரியடும் கிடையாது. ஒரு பழைய வேன் மட்டும் இருந்தது.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. என் செல்போனில் 'வேன்' என்று இருந்தார். என் மனைவியின் போனில் 'வேன் புது நம்பர்' என்று இருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் எறங்குங்கண்ணன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆள் நல்ல ஆகிருதி. டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதைவிட, அவரைச் சுற்றி வேனைக் கட்டி முடித்தார்கள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கடை. அதற்கு நேர் எதிரே அவர் வீடு. நடுவில் இருக்கும் ரோட்டின் அகலம் எவ்வளவு என்றால், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறாயுசு' என்பார்கள். இந்த ரோட்டைக் கடக்க அவர் வேனை ஸ்டார்ட் செய்வார். தண்ணீர்த் தொட்டிவரை போய், திருப்பி, டீக்கடை வாசலில் கொண்டுவந்து அணைப்பார். டீ மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கிளாஸை நீட்டுவார். குடித்துவிட்டு மறுபடி தண்ணீர்த் தொட்டி, மறுபடி திருப்பம், மறுபடி வீடு. டீ செலவைவிட டீசல் செலவு ஜாஸ்தி.

தெருவில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. அவரையும் வேனில்தான் சுற்றுவார். மூன்று சுற்று. அதற்காக அவருடைய பக்தியைக் குறைசொல்ல முடியாது. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்த பிறகுதான் கியரைத் தொடுவார். பிள்ளையாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் உட்கார்ந்தே இருக்கிறவர்தானே.

மரியாதையில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. கொங்கு நாட்டில் நாங்கள் எல்லோருமே 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். இவர் கொஞ்சம் தாராளமாகவே போடுவார். எல்.கே.ஜி. குழந்தைக்கும் 'ங்க'. ரோட்டின் நடுவில் படுத்திருக்கும் எருமையிடம், "ஏனுங்க, செத்த அக்கட்டால நகருங்க, ஸ்கூல்ல பெல்லு அடிச்சுருவாங்க" என்பார். எருமையும் நகரும். வேனை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார்.

என் மகள் மித்ரா அப்போது ஆறாம் வகுப்பு. அந்த ஜூன் மாதம்தான் அவளை இந்த வேனில் சேர்த்திருந்தோம். அவளுக்கும் கால்களுக்கும் அதிகப் பழக்கம் இல்லாத காலம் அது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒருநாள் லிஃப்ட் ரிப்பேர் என்றதும், கீழேயே பையின்மேல் உட்கார்ந்து லிஃப்ட் மெக்கானிக் வரும்வரை காத்திருந்தவள். அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடியிருப்பின் காலி இடத்தில் 'இங்கு பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு. பள்ளியில் வாரம் இரண்டு பி.டி. பீரியட். ஒன்றில் கணக்கு மிஸ் "ஒரே ஒரு கணக்குதான்" என்று உள்ளே வருவார். இன்னொன்றில் அறிவியல் மிஸ் "டயக்ரம் மட்டும்" என்று வருவார். பி.டி. சார் வாலிபாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்பார். சாயங்காலம் ஆனால் டியூஷன், அபாகஸ், கீபோர்டு வகுப்பு. நாள் முழுவதிலும் அவள் உடம்பில் ஓடியது கீபோர்டின்மேல் விரல்கள் மட்டும்தான்.

அப்படிப்பட்ட மித்ரா வேனில் போன முதல் நாளே சாயங்காலம் முகம் சிவந்து, பின்னல் அவிழ்ந்து, ஷூவெல்லாம் புழுதியாக வீட்டுக்குள் வந்தாள். என் மனைவி பதறிப்போய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, காச்சலா?"

"இல்லம்மா. பசிக்குது."

எங்கள் வீட்டில் மித்ரா வாயிலிருந்து நாங்கள் கேட்டே இராத வார்த்தை அது. அதுவரை அவளை இரண்டு இட்லி சாப்பிட வைப்பதற்குள் கார்ட்டூனில் ஒரு ராஜ்யமே அழிந்து மறுபடி எழும்பிவிடும். அன்றைக்குத் தோசைக்கல் ஆறவே இல்லை. கடைசித் தோசையின்போது விஷயம் வெளியே வந்தது.

"வேன் அண்ணன் பாலத்துல எறக்கி விட்டுட்டாரும்மா. எல்லாரும் ஓடித்தான் வந்தோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாசாமாசம் வேனுக்குப் பணம் கட்டுவது ஓடி வருவதற்கா? மறுநாள் காலை சண்டை போடுவது என்று முடிவுகட்டி, ஸ்கூட்டரில் வேனின் பின்னாலேயே போனேன்.

எங்கள் பக்கத்திலிருந்து பள்ளிக்குப் போக ரயில் பாதைக்கு மேலே ஒரு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். பாலத்தின் அடியில் வேன் நின்றது. கதவு சர்ரென்று திறந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எறங்குங்க கண்ணு. எறங்குங்க சாமி. எறங்குங்க அம்மணி. அல்லாரும் எறங்குங்க."

பிள்ளைகள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சின்ன வண்டிக்குள் இத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்பது தனி விசாரணைக்கு உரியது. பாலத்தின் ஓரம் கம்பி வேலி போட்ட நடைபாதை உண்டு. அதில் கூச்சல் போட்டுக்கொண்டு மேலே ஓடினார்கள். பைகள் மட்டும் வேனில் சுகமாக உட்கார்ந்து, பின்னாலேயே முக்கி முனகி ஏறின. உச்சியில் வேனை மறித்தேன்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"வாங்க சார். சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. புள்ளைங்கள எதுக்குங்க எறக்கி விடறீங்க?"

"ஒடம்புக்கு நல்லதுங்க."

"அப்புறம் பையெல்லாம் வண்டியிலயே வருதே?"

"பையிக்கு ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "கீழ இருக்கறதெல்லாம் பழைய காத்துங்க சார். அல்லாரும் உட்டு உட்டு இழுத்தது. பாலத்து மேலதானுங்க புதுக்காத்து வரும். புள்ளைங்க அதக் குடிக்கோணுமுங்க."

"அப்ப நீங்களும் எறங்கி நடக்கலாமுங்களே?"

"நான் எறங்கிப்போட்டா வண்டிய ஆருங்க ஓட்டறது?"

சண்டை போடப் போனவன், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஒப்புக்கொண்டு திரும்பினேன்.

பாலத்துக்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். அந்தப் பக்கம் முதலில் இறங்கி வருகிற பிள்ளைக்கு முன்சீட்டு. பள்ளி வாசல்வரை ஹாரன் அடிக்கும் உரிமையும் அதற்கே. கடைசியாக வருகிற பிள்ளைக்கு வேன் கதவைச் சாத்தும் உரிமை. இழுத்துச் சாத்தும் கதவு என்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை என்று பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆக, ஜெயித்தவருக்கும் சந்தோஷம், தோற்றவருக்கும் சந்தோஷம். நடுவில் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் மறுநாள் ஒன்று முன்னால் வரப் பார்த்தார்கள், இல்லாவிட்டால் பின்தங்கப் பார்த்தார்கள்.

மித்ரா முதல் சில வாரங்கள் கதவுதான் சாத்தினாள். ஒரு கட்டத்தில் அது அலுத்துவிட்டது. ஹாரன் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஹாரன் அப்போது ஒரு சோமனூர்க்காரரின் மகன் வசம் இருந்தது. அவர் சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறவர், பிள்ளையின் படிப்புக்காக எங்கள் குடியிருப்பில் வீடு எடுத்தவர். பையன் ஒல்லியாக இருந்தாலும் பாலத்தில் கால் பட்டால் பறப்பான். அவனை முந்த மித்ரா எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினாள். ஒருநாள் அவளையும் லிஃப்டுக்குள் கூப்பிட்டேன். "அது வயசானவங்களுக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் படியில் ஓடிப்போனாள். நான் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இந்த ஓட்டத்தைச் சோமனூர்க்காரர் ஒருநாள் வீடியோ எடுத்து, வேன் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கைகூப்பும் படங்கள் கொட்டின. 'இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா' என்று ஒரு தாய் எழுதினார். வீடியோ பள்ளிவரை போனது. தலைமையாசிரியை பார்த்தார், தாளாளருக்கு அனுப்பினார். விளைவு, அந்த வருட விளையாட்டு விழாவுக்கு எறங்குங்கண்ணன் சிறப்பு விருந்தினர்!

விஷயத்தைக் கேட்டு அவர் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். "மேடை வரைக்கும் நடக்கோணுமுங்களா?"

தலைமையாசிரியை அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை ஓட வைத்த வாகனத்திலேயே விருந்தினர் வருவதுதான் பொருத்தம் என்று அவரே சொல்லி, பட்டுச் சேலையோடு வேனில் ஏறினார். பக்கத்தில் தாளாளர். அவருக்குப் பக்கத்தில் பரிசுக் கோப்பைகளைத் தந்த பிரமுகர். மைதானம் பள்ளி வாசலைவிட உயரத்தில் இருக்கும். நடுவில் ஒரு மண்மேடு. பேண்டு முழங்க வேன் மேட்டில் பாதி ஏறியது. பிறகு யோசித்தது. பிறகு மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது.

பேண்டு நின்றது. பெற்றோர்கள் எல்லாம் எழுந்து பார்த்தோம். எறங்குங்கண்ணன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, நாக்குப் பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"எறங்குங்க. அல்லாரும் எறங்குங்க. ஒடம்புக்கு நல்லதுங்க."

மூவரும் இறங்கினார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை மேட்டில் ஏறத் தொடங்கியதும், எங்கள் வேன் பிள்ளைகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடிவந்து கத்தினார்கள்: "மிஸ், வேகமா! ஃபர்ஸ்ட் வர்றவங்களுக்கு ஹாரன் மிஸ்!"

தாளாளர்தான் முதலில் மேலே வந்தார், பின்னாலேயே காலி வேனும் முக்கி ஏறி வந்தது. அவர் ஹாரன் அடித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளிப் பேருந்து டிரைவர் ஒருவர் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், உதவத்தான் வந்தார். குரல் மட்டும் பெரிசு.

"ஏனுங்ணா, கிளட்ச்சு சுத்தமா தேஞ்சு கெடக்குதுங்களே! இத வெச்சுக்கிட்டு தெனம் எப்படிங்க பாலம் ஏறறீங்க?"

எறங்குங்கண்ணனுக்கு வண்டி விஷயத்தில் பொய் சொல்ல வராது. கேட்காத வரைக்கும் மறைப்பார், கேட்டால் சொல்லிவிடுவார்.

"புள்ளைங்கள எறக்கி உட்டுப்போட்டுத்தானுங்க ஏறறனுங்க."

புதுக்காற்று, உடம்பு, ஆரோக்கியம் எல்லாம் அந்த நிமிஷமே மேட்டிலிருந்து உருண்டுவிட்டன. ஆனாலும் அழைத்த மரியாதைக்கு மைக்கைக் கொடுத்தார்கள். அவர் பேசியது முழுவதும் இதுதான்: "கண்ணுகளா, அல்லாரும் நல்லா ஓடுங்க. நான் பின்னாலயே வண்டியில வாரனுங்க." அன்றைக்கு அதிகக் கைதட்டல் வாங்கிய பேச்சு அது.

கைதட்டியதெல்லாம் பிள்ளைகள். பெற்றோர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் கூடினோம். எல்லோருக்கும் கடுப்பு.

"இத்தன மாசமா நம்மள நல்லா ஏமாத்திப்போட்டாருங்க" என்றார் சோமனூர்க்காரர். வீடியோ எடுத்தவர் அவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் வெட்கம்.

"வேனுக்குக் காசும் குடுத்து, புள்ளைங்கள நடக்கவும் விட்டுக்கிட்டு இருக்கறோம்" என்றார் பேங்க்கில் வேலை பார்க்கும் மேடம்.

பள்ளியில் புதிதாக ஏ.சி. பேருந்து வந்திருந்தது. பிள்ளைகளை அதில் மாற்றிவிடுவது, இவரை நிறுத்திவிடுவது என்று ஏகமனதாக முடிவானது. அதை அவரிடம் யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் முடிவு எடுப்பது சுலபம். ஒருத்தர் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வதற்குத்தான் ஆள் கிடைக்காது. அவர் கேட்டுக்கு வெளியே வேனில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் சோமனூர்க்காரர் வீறாப்பாகப் போனார். சிரித்துக்கொண்டே திரும்பினார். "அவரு ரெண்டாவது பொண்ணுக்கு வளைகாப்பாமுங்க. நம்மள எல்லாரையும் வரச்சொல்லிக் கூப்புட்டாருங்க."

அடுத்து நான் போனேன். திரும்பும்போது என் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தது. அவர் வீட்டு மரத்தில் காய்த்ததாம்.

மூன்றாவதாகப் போன பேங்க் மேடம் திரும்பி வரவே இல்லை. கடைக்குப் போகணும் என்று வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். எறங்குங்கண்ணன் வேனிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். வண்டியை அவர் ரிப்பேர் செய்ய வேண்டும். இனிமேல் பிள்ளைகளைப் பாலத்தில் இறக்கக் கூடாது. ஒரே ஒருமுறை இறக்கினாலும் மறுநாள் முதல் ஏ.சி. பேருந்து. அவருக்கு மூன்று பெண்கள், கடைசிப் பெண் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகளை ஏற்றிப்போவதுதான் அவருக்குப் பிழைப்பு. கைகூப்பி, "இனி எறக்க மாட்டனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாக்கைக் காப்பாற்றினார். வேன் ஒரு வாரம் மெக்கானிக் கடையில் கிடந்து திரும்பியது. பாலத்தில் ஜம்மென்று ஏறியது. பெற்றோர்கள் நிம்மதியாக இருந்தோம். நிம்மதியாக இருந்தது நாங்கள் மட்டும்தான் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

மித்ராவின் தோசைக்கல் சீக்கிரம் ஆறத் தொடங்கியது. சாப்பாட்டு மேஜைக்கு செல்போன் திரும்பி வந்தது. ஒருநாள் அவள் என்னோடு லிஃப்டுக்குள் வந்து நின்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"ஏன் கண்ணு, படியில வரலியா?"

"எதுக்குப்பா? இப்பத்தான் முன்சீட்டு ரோல் நம்பர்படி உக்காரச் சொல்லிட்டாங்களே."

அவரும் வாடித்தான் போனார். டீக்கடை வாசலில் வேனுக்குள்ளிருந்து பாதி டீயைத் திருப்பிக் கொடுப்பதை நானே பார்த்தேன். ஒருநாள் காலையில் கேட்டும்விட்டேன்.

"வண்டி நல்லா ஏறுதுங்களா?"

"அதெல்லாம் ஏறுதுங்க சார்." கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். "உள்ளதானுங்க சத்தமே இல்ல. எழவூட்டுக்குப் போறாப்பல இருக்குதுங்க. ஒரு புள்ளையும் கதவு சாத்தறதுக்கு அடிச்சுக்கறதில்லீங்க."

அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வந்தது. "அல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி மறுக்கா ஏற மாட்டீங்குதுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் புள்ளைங்கள எறக்கி ஏத்திக்கிட்டனுங்க. மன்னிக்கோணுமுங்க."

மறுநாளும் அதே குரல், அதே 'இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்'. அதற்கு மறுநாளும் வந்தது.

ஒப்பந்தப்படி அவர் கதை முடிந்தது. ஏ.சி. பேருந்துக்காரர் எந்த நிறுத்தம் என்று கேட்டு எனக்குப் போனே செய்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. எப்படியாவது சீக்கிரம் வண்டியைச் சரிசெய்ய வைத்துவிடலாம் என்று மெக்கானிக் கடைக்குப் போனேன். மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த வண்டிங்க? நம்ம அண்ணன் வேனுங்களா? அதுக்கு ஒண்ணும் இல்லீங்களே. கிளட்ச்சு புதுசு, எஞ்சின் வேல பூராவும் பாத்தாச்சு. அது இப்ப ஊட்டியே ஏறுமுங்க."

"பாலம் ஏறலைன்னு சொல்றாருங்களே."

மெக்கானிக் சிரித்தார். "சோமனூர்க்காரரும் நேத்து வந்து இதையேதானுங்க கேட்டாரு. காலைல பேங்க் மேடமும் வந்தாங்க."

நான் அங்கே இருந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். முன்னே வண்டி ஏறாததால் பிள்ளைகளை இறக்கிவிட்டு, உடம்புக்கு நல்லது என்றார். இப்போது பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்று தெரிந்துகொண்டு, வண்டி ஏறவில்லை என்கிறார். பொய் அதேதான், திருப்பிப் போட்டுக்கொண்டார். முதல் பொய்யில் அவருக்குக் கிளட்ச் செலவு மிச்சம். இரண்டாவதில் பிழைப்பே போய்விடும். தெரிந்தேதான் தினமும் காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி விஷயத்தில் பொய் சொல்ல வராத மனிதருக்கு அந்தக் குரல்பதிவுகள் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடினோம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் போட்டு உடைப்பார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோமனூர்க்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"பாவமுங்க. பழைய வண்டி."

"ஆமாங்க" என்றார் பேங்க் மேடம். "மெக்கானிக்கினாலயே ஒண்ணும் பண்ண முடியலையாமுங்க."

"ஏதோ பார்ட்ஸு கெடைக்கறதில்லைன்னு கேள்விப்பட்டனுங்க" என்றேன் நான்.

"கெடைக்கற வரைக்கும் புள்ளைங்க நடக்கட்டுமுங்க. என்ன பண்றது?"

"என்ன பண்றதுங்க, வேற வழி?"

கூட்டம் முடிந்தது. இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு மரியாதையாகச் சேர்ந்து சொன்ன கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏ.சி. பேருந்து எங்கள் குடியிருப்பைத் தாண்டி, ஆளில்லாமல் குளுகுளுவென்று போனது. அந்தப் பார்ட்ஸ் இன்றுவரை கிடைக்கவில்லை.

தீபாவளி கழிந்து ஒருநாள் காலை, பாலத்துக்கு அக்கரையில் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு ஹாரன். விட்டு விட்டு அடிப்பது இல்லை, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். வேன் என்னைக் கடந்து போனபோது முன்சீட்டில் மித்ரா உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, பல்லெல்லாம் தெரிய, ஹாரனின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் எறங்குங்கண்ணன் ரோட்டை மட்டும் பார்த்து, முகம் கொள்ளாத சிரிப்போடு ஓட்டிக்கொண்டிருந்தார். பேப்பருக்கு மீதிச் சில்லறை வாங்க மறந்து நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மித்ரா இப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளியின் கோ-கோ அணியில் இருக்கிறாள். அணி ஜெயிப்பது அபூர்வம். தோற்றுவிட்டு வந்தாலும் தோசையில் குறைவைப்பதில்லை. கணக்கு மிஸ் பி.டி. பீரியடில் நுழைந்தால், "மிஸ், எங்களுக்கு இப்ப எறங்கற பீரியட்" என்று எழுந்து நின்று சொல்கிறாளாம். புகார் வந்திருக்கிறது.

எறங்குங்கண்ணன் போன வருடம் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சூலூரில் மூத்த மகள் வீட்டோடு போய்விட்டார். சென்ற மாதம் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் வேன் கழுவித் துடைத்து நின்றது. அவர் திண்ணென்று ஒரு நாற்காலியில் இருந்தார். "வாங்க சார், சாப்டாச்சுங்களா?" என்றார். ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். "ஹாரன் அம்மணி எப்படி இருக்கறாங்க?" என்று மித்ராவைக் கேட்டார். சாப்பிட்டேன், பேசினேன், கிளம்பினேன்.

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வண்டியில விட்டுருங்க" என்றேன் விளையாட்டாக.

அவர் வேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏற மாட்டீங்குதுங்க சார்."

அவர் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ரோடு கேரம் பலகைபோல் சமம். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, என்னோடு நடக்க ஆரம்பித்தார். மெதுவாகத்தான். ஒவ்வொரு கரண்டு கம்பத்திலும் கைவைத்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நான் கேட்டேன்.

"காத்து எப்படீங்க?"

"புதுசுங்க" என்றார்.

ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்து, பக்கத்துக் கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். சூலூரிலிருந்து கோவைக்கு அடிக்கடி பஸ் உண்டு. அன்றைக்கு நான் இரண்டு பஸ்ஸை விட்டேன். இரண்டிலும் உட்கார இடம் இருந்தது.